கறியைக் கெடுக்கிற வேலை

1933 ஆகஸ்ட் மாதத்தில் அனெஷ்காவுக்குக் கிடைத்தது நல்ல கறியைக் கெடுக்கிற வேலை. இரண்டு வருடம் சும்மா கிடந்தவளை இறைச்சி ஆலை ஆள்விட்டுக் கூப்பிட்டபோது, சாசேஜ் கூடத்தில் பழைய இடம்தான் என்று நினைத்து, வெள்ளை அங்கியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்திக்கொண்டு போனாள். மேஸ்திரி குபிச்சேக் அவள் கையில் ஒரு தகர டின்னைக் கொடுத்தார். உள்ளே மண்ணெண்ணெய். பின்வாசல் பள்ளத்தில் வெட்டிக் குவித்த பன்றிக்குட்டிகள்மேல் ஓர் இடம் விடாமல் ஊற்ற வேண்டும் என்றார்.

"எதுக்கு மேஸ்திரி?"

"எவனும் பொறுக்கித் தின்னக்கூடாதில்ல, அதுக்குத்தான்."

பன்றி அடிமாட்டு விலைக்குப் போய்விட்டதாம். நாட்டில் பன்றி அதிகமாகிவிட்டதாம். அதனால் குட்டிகளை வளரும் முன்பே கொன்றுவிட்டால் விலை ஏறிவிடும் என்று வாஷிங்டனில் உட்கார்ந்து கணக்குப் போட்ட படிப்பாளிகள் கண்டுபிடித்திருந்தார்கள். அரசாங்கமே காசு கொடுத்து வாங்கியது. ரயில் ரயிலாகத் தெற்கு ஒமாஹாவில் வந்து இறங்கின குட்டிகள். அந்த ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், ஆலையை நம்பிக் கட்டிய தெருக்களில், கறியைக் கண்ணால் பார்த்தே பல மாதமான வீடுகள் வரிசையாக நின்றன. பன்றி அதிகம், பசியும் அதிகம். இந்த இரண்டையும் ஒரே மண்டைக்குள் எப்படித்தான் வைத்துக்கொண்டார்களோ, அந்த மண்டையை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சற்றுப் பெரிய பன்றிகளை உப்புப் போட்டு ஏழைகளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள், கொஞ்சம் கொடுக்கவும் செய்தார்கள். குட்டிகள்தான் தொல்லை. ஆலையின் மயிர் வழிக்கிற இயந்திரம் ஆள் உயரப் பன்றிக்காகச் செய்தது. அதில் குட்டியைப் போட்டால் மயிரோடு தோலும் தோலோடு காலும் பிய்ந்து வந்தது. கொழுப்பு உருக்கும் கொப்பரைகள் நிரம்பி வழிந்தன. மிச்சத்தைப் பின்பக்கப் பள்ளத்தில் கொட்டினார்கள். நூறு டிகிரி வெயிலில் ஈக்கள் கறுப்புப் போர்வை போல மூடிக்கிடக்க, அனெஷ்கா அதன்மேல் ஊற்றினாள். முதல் நாள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் வாந்தி நின்றுவிட்டது. அதுதான் அவளுக்கு அதிகமாகக் குமட்டியது.

வேலையை விட முடியாது. புருஷன் ப்ரோகோப் பதினாறு வருடம் ஆலையின் குளிர்கிடங்கில் நின்று விரல்கள் எல்லாம் மடங்கிப்போனவன். கோட்டுப் பொத்தானைக் கூட அவள்தான் போட்டுவிட வேண்டும். நல்ல காலத்தில் அவர்களும் எல்லாரையும் போலத் துள்ளியவர்கள்தான். அனெஷ்கா மாமியாரின் சாபத்தைக் காதில் வாங்காமல் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். தவணையில் துணி துவைக்கிற இயந்திரம், தவணையில் ரேடியோ. தொழிலாளியும் முதலாளிதான் என்று சொல்லி இதே குபிச்சேக் ஆலையின் பங்குப் பத்திரத்தை அவர்கள் தலையில் கட்டியபோது, ப்ரோகோப் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். பிறகு சந்தை சரிந்தது. இயந்திரம் போயிற்று, ரேடியோ போயிற்று. பத்திரத்தை மட்டும் யாரும் கேட்டு வரவில்லை.

இப்போது வீட்டில் வருகிற ஒரே கூலி அவளுடையது. அதில்தான் வாடகை, அடுப்பு, அவளுக்கும் ப்ரோகோப்புக்கும் சோறு எல்லாம். ப்ரோகோப்பின் தங்கை வ்லாஸ்தா நான்கு வீடு தள்ளி இருந்தாள். அவள் புருஷன் கலிபோர்னியாவில் வேலை தேடி வருகிறேன் என்று சரக்கு ரயில் ஏறி ஒன்றரை வருடம் ஆகிறது, கடுதாசி கூட இல்லை. மூன்று பிள்ளைகள். தினமும் சாயங்காலம் அனெஷ்கா ஒரு ரொட்டியை ஏப்ரனுக்குள் வைத்து அங்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். வ்லாஸ்தா தினமும் காலையில் ஆலை வாசலில் வேலைக்கு நிற்கிற கூட்டத்தில் போய் நிற்பாள். இருநூறு பேர் நின்றால் இரண்டு பேரை எடுப்பார்கள்.

மண்ணெண்ணெய் நாற்றம் அனெஷ்காவின் வெட்டிய முடியில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. சோப்பு, வினிகர், சாம்பல் எதற்கும் மசியவில்லை. ப்ரோகோப் கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டான். "உன்னைச் சொல்லல. அந்த நாத்தம்தான்" என்றான். "கூலி வருதே, பொறுத்துக்க."

தெருவும் மூக்கைத் திருப்பிக்கொண்டது. அங்கே எல்லாரும் போஹேமியாவிலிருந்து வந்த செக் சனம், எல்லாரும் ஆலையில் கத்தி பிடித்த கைகள். பன்றியை எங்கே வெட்டினால் எந்தச் சதை வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காது முதல் குளம்புவரை ஒரு துண்டு வீணாக்கினாலும் வீட்டில் அடி விழும். அப்படிப்பட்ட சனத்தின் நடுவில் அவள் ஒருத்தி தினமும் டன் கணக்கில் கறியைக் கெடுத்துவிட்டு வருகிறாள். எதிர்வீட்டு ஜெலின்கா மட்டும் வாசற்படியில் அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டுப் பேசுவார்.

"என்னம்மா அனெஷ்கா, இன்னிக்கு எத்தனை பேருக்கு எண்ணெய்க் குளியல்?"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க பெரியவரே."

"உன்னை யாரு சொன்னா? குளிப்பாட்டச் சொன்னவன் ஒருத்தன், குளிப்பாட்டுறவ நீ. பன்னிக்கு என்ன தெரியும், உன் முகம்தானே தெரியும்?"

குட்டிகளை அடைத்த பட்டியும் பெரிய பன்றிக்காகக் கட்டியதுதான், மயிர் வழிக்கிற இயந்திரத்தைப் போலவே. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி. இது ஒரு மேஸ்திரிக்கும் தோன்றவில்லை, வாஷிங்டனுக்கும் தோன்றவில்லை. இரண்டாம் வாரம் வியாழக்கிழமை காலை வந்த ரயிலில் இருந்தவை சுண்டெலி போன்ற குட்டிகள். இறக்கிய அரைமணி நேரத்தில் பட்டி பாதி காலி. நூற்றுக்கணக்கில் ரயில் பாதையைத் தாண்டி, சரிவில் இறங்கி, காய்கறித் தோட்டங்களை மிதித்துக்கொண்டு, மாதா கோயில் வாசல் வரைக்கும் ஓடின. ஆலை ஆட்கள் கோணியோடு துரத்தினார்கள். தெருச்சனமும் துரத்தினார்கள், உதவிக்கு வருவது போல. சாயங்காலம் எண்ணிப் பார்த்ததில் அறுபத்து நான்கு குட்டி குறைந்தது.

அறுபத்து நான்கும் எங்கே என்று அனெஷ்காவுக்குத் தெரியும். வேலை முடிந்து வந்தபோது தெருவில் ஒருத்தர் முகத்திலும் கவலை இல்லை. நான்கு வருடமாக அவள் காணாத அதிசயம் அது. வ்லாஸ்தா வீட்டுக் குளியல் தொட்டியில் மூன்று குட்டிகள் இருந்தன. பிள்ளைகள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் பெயர் வைத்துக்கொண்டிருந்தன.

"பேரு வைக்காதீங்கடி, அப்புறம் திங்க மாட்டீங்க" என்று வ்லாஸ்தா அதட்டினாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். "நீ எதையும் பாக்கல, அண்ணி."

"நான் என்னத்தைப் பாத்தேன்? ரொட்டி குடுக்க வந்தேன், குடுத்துட்டேன்."

சனிக்கிழமை பகல் முழுக்க ஜெலின்கா வாசற்படியில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசித்தார். நிலவறைகளில் குட்டிகள் கத்துகிற சத்தம் வெளியே வராமல் இருக்க, பெரிய பெரிய போல்கா ஆட்டப் பாட்டுகள். கை ஓய்ந்துபோனால் தெருவில் யாராவது உரக்கப் பாடுவார்கள். இறைச்சி ஆலை வேலை இல்லை என்று துரத்திய கைகள் எல்லாம் அன்று வேலை செய்தன. குடலைக் கழுவி, இரத்தத்தைப் பிடித்து, பார்லியும் பூண்டும் போட்டு, தெரு முழுக்கச் சாசேஜ் கட்டினார்கள். ஒரு நரம்பு வீணாகவில்லை. அனெஷ்கா தன் நிலவறையில் இல்லாத பன்றிக்காகத் தன் பூண்டு முழுவதையும் வ்லாஸ்தாவிடம் கொடுத்தாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

அந்தச் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பன்றி அறுத்த வீட்டிலிருந்து தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்குத் தட்டு போக வேண்டும். சாசேஜ் இரண்டு, ஒரு கிண்ணம் சூப், மேலே கஞ்சி போட்ட துணி. தட்டு போகாத வீடு பகை வீடு. மூன்று தலைமுறைக்கு முன்னால் ஏதோ போஹேமியக் கிராமத்தில் தட்டு அனுப்பாத காரணத்துக்காக இன்றும் ஒமாஹாவில் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் இருந்தன. பட்டினி வந்தது, வேலை போனது, பிள்ளைகள் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள், அப்பா பேச்சைக் கேட்பதை விட்டார்கள். இந்தத் தட்டு மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண்கள் வ்லாஸ்தா வீட்டு வாசலில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அனெஷ்கா போய் நின்றாள்.

"மேட்டு வீட்டுக்கும் அனுப்பப் போறீங்களா?"

மேட்டு வீடு குபிச்சேக்கின் வீடு. தெருவின் தலைமாட்டில், புதுப் பச்சை வர்ணம் அடித்தது. ஊரில் யாரிடமும் வர்ணம் வாங்கக் காசில்லாத வருடத்தில் அடித்தது.

"அனுப்பாம?" என்றாள் வ்லாஸ்தா. "போன குளிர்காலத்துல அவங்க வீட்டுப் பன்னிக்கு நமக்கு வந்துதே."

"அது அவரு காசு குடுத்து வாங்கின பன்னி. இது எங்கேருந்து வந்த பன்னி? யோசிச்சுப் பாருடி. அந்த ஆள் கையில தட்டைக் குடுக்கிறதும் போலீஸ் கையில குடுக்கிறதும் ஒண்ணுதான்."

"ஒரு வீட்டை விட்டா அவருக்கு உடனே தெரியாதா? தெருவெல்லாம் பூண்டு மணக்குது, நமக்கு மட்டும் ஏன் வரலைன்னு கேக்க மாட்டாரா? கொடுத்துட்டா அவரும் தின்னவராயிடறாரு. தின்ன வாயி பேசாது."

"அவரு வாயை உனக்குத் தெரியாது. நான் தினம் பாக்கிறேன்."

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். "ஆமா, தினம் பாக்கிறா. மேஸ்திரிகிட்ட அவ ஒருத்தி மட்டும் நல்ல பேரு வாங்கணும்னு பாக்கிறா."

அனெஷ்காவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். தட்டு மேட்டு வீட்டுக்குப் போயிற்று. குபிச்சேக்கின் மனைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, துணியைத் தூக்கி முகர்ந்து, "அடடா, பழைய கைப்பக்குவம்" என்றாளாம். தட்டைக் காலியாகத் திருப்பக்கூடாது என்பதும் வழக்கம். கழுவித் துடைத்து, தோட்டத்துப் பிளம் பழம் ஆறு வைத்து அனுப்பினாள். வ்லாஸ்தா அந்தப் பழத்தை அண்ணியிடம் கொண்டுவந்து காட்டினாள். "பாத்தியா? நீதான் எதுக்கெடுத்தாலும் பயப்படறே."

அனெஷ்கா வீட்டுக்கும் தட்டு வந்தது. வழக்கம் வழக்கம்தானே. மண்ணெண்ணெய்க்காரி என்றாலும் அவளும் தெருக்காரி. ப்ரோகோப் மடங்கிய விரலால் சாசேஜைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். அவளும் ஒரு வாய் தின்றாள். எதைத் தின்றாலும் மண்ணெண்ணெய் ருசி அடித்துக்கொண்டிருந்த அவள் நாக்கில் அன்றைக்குத்தான் பூண்டு ருசி தெரிந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் குபிச்சேக் பள்ளத்தின் ஓரம் வந்து நின்று அவளைக் கூப்பிட்டார். கூட விட்கம் என்ற இளைஞர், வாஷிங்டன்காரர், கையில் அட்டை, மூக்கில் கைக்குட்டை.

"டின்னை எடுத்துக்க. கொஞ்சம் வெளிய போகணும்."

"எங்க மேஸ்திரி?"

"உங்க தெருவுக்கு. அரசாங்கச் சொத்து அறுபத்து நாலு உருப்படி அங்க போயிருக்கு. பரிசோதனை பண்ணாத கறி, சார் அதை அழிக்கணும்னு சொல்றாரு. எந்த வீட்டுல எது எங்க இருக்கும்னு உனக்குத்தான் தெரியும்."

அவருடைய பற்களின் இடுக்கில் ஏதோ இருந்தது. பேசிக்கொண்டே நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். பார்லியா, பூண்டா என்று அனெஷ்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். தின்றுவிட்டு வந்து நிற்கிறான், தின்ற வாயோடு நிற்கிறான்.

"நான் போகலேன்னா?"

"போகலேன்னா நாளைக்கு வராதே. வாசல்ல இருநூறு பேர் நிக்கிறாங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லலேன்னா என் வேலை போயிடும்மா. அறுபத்து நாலுக்கு நான்தான் பொறுப்பு. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. தட்டு குடுத்த வீடுன்னு பாத்தா நான் சோத்துக்கு எங்க போறது?"

அவள் டின்னை எடுத்தாள். அதை எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ப்ரோகோப்பின் பொத்தானைப் போட்டுவிடுகிறவர்கள் சொல்லட்டும்.

முதல் வீடு ஜெலின்காவுடையது. அவர் தானே நிலவறைக் கதவைத் திறந்துவிட்டார். கயிற்றில் சாசேஜ் மாலை மாலையாகத் தொங்கியது. அனெஷ்கா ஊற்றினாள்.

"நல்லா ஊத்தும்மா. நடுவுல ஒரு திரியும் வெச்சுட்டுப் போ. வயிறு எரியிற வெளிச்சத்துலயாவது பேப்பர் படிக்கிறேன்" என்றார். விட்கமுக்குச் செக் பாஷை தெரியாது. கிழவர் ஒத்துழைக்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னார்.

இரண்டாவது வீட்டில் கதவை உடைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வீட்டில் அவள் காலருகே துப்பினார்கள். ஊற்ற ஊற்ற அவள் கை பழகிப்போன ஒழுங்கோடு தானாக அசைந்தது, மூலை விடாமல், அடி விடாமல். சே, இந்தக் கையும் ஒரு கையா என்று அவள் அதைப் பார்த்தாள்.

வ்லாஸ்தா வீட்டில் எல்லாம் ஒரே பெரிய பானையில் பன்றி நெய்யில் அமுக்கி வைத்திருந்தது, குளிர்காலம்வரை வருகிற மாதிரி. வ்லாஸ்தா மூடியின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். மூன்று பிள்ளைகளும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"கையை எடுடி" என்றாள் அனெஷ்கா.

"கொஞ்சமா ஊத்து அண்ணி" என்றாள் வ்லாஸ்தா, உதடு அசையாமல். "மேலாப்புல ஊத்து. நெய்யை வழிச்சுட்டா அடியில இருக்கிறது தப்பிச்சுடும்."

அனெஷ்கா மேலாக ஊற்றினாள். ஒரு கையளவு. டின்னை நிமிர்த்தப் போனாள். குபிச்சேக் ஒரே ஒரு விரலை டின்னின் அடியில் வைத்து மெல்லத் தூக்கினார். முழுவதும் கவிழ்ந்தது. பிறகு அவர் அகப்பையை எடுத்து ஒரு கலக்குக் கலக்கினார், சூப்பு கலக்குகிற மாதிரி. விட்கம் அட்டையில் ஒரு கோடு போட்டார்.

மேட்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது விட்கம் அட்டையைப் பார்த்தார். "இந்த வீடு?"

"இது என் வீடு சார்" என்றார் குபிச்சேக்.

சன்னலில் அவர் மனைவி நின்று தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். விட்கம் தொப்பியைத் தொட்டு அவளுக்கு வணக்கம் வைத்தார். அனெஷ்காவுக்கு இங்கிலீஷ் தெரியும், பதினான்கு வருடம் ஆலையில் இருந்தவள். இங்கேயும் தட்டு வந்தது என்று சொல்ல நான்கே வார்த்தை போதும். நான்கும் தொண்டைவரை வந்தன. நாளைக்கு வராதே என்ற இரண்டு வார்த்தை அவற்றை அமுக்கிவிட்டது. அவள் காலி டின்னைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அந்த வீட்டில் அழிக்க மிச்சம் ஒன்றும் இல்லைதான், எல்லாம் வயிற்றுக்குள் போயிருந்தது.

சாயங்காலம் அவள் ரொட்டியோடு வ்லாஸ்தா வீட்டுக்குப் போனாள். போகாதே என்றான் ப்ரோகோப். எப்படிப் போகாமல் இருப்பது? வாசலிலேயே நெடி மூக்கில் அடித்தது. அடுப்பில் அதே பானை கொதித்துக்கொண்டிருந்தது. நெய்யை வழித்தெடுத்துவிட்டு, சாம்பல் தண்ணீரில் ஒரு தடவை, வினிகரில் ஒரு தடவை வேகவைத்து, இது மூன்றாவது தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம் நீலமும் பச்சையுமாக மின்னியது. பிள்ளைகள் கரண்டியோடு மேசையில் உட்கார்ந்திருந்தன. கடைசிப் பெண் மூக்கை விரலால் பொத்திக்கொண்டு, இப்படித் தின்றால் ஒன்றும் தெரியாது என்று மற்ற இருவருக்கும் செய்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? விஷம்டி அது. பிள்ளைங்க செத்துப்போயிடும்."

"மூணு தண்ணி மாத்திட்டேன். தெருவுல எல்லா வீட்டுலயும் இப்படித்தான் கொதிக்குது, போய்ப் பாரு."

"எந்த வீட்டுலயோ கொதிக்கட்டும். இறக்கு."

"நீ ஊத்தறப்போ விஷம்னு தெரியலையா?"

அனெஷ்கா அடுப்பருகே போனாள். ஏப்ரனால் பானையின் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய், முற்றத்து மண்ணில் கவிழ்த்தாள். கை வெந்தது. சாசேஜ்கள் புழுதியில் உருண்டன, அவள் அவற்றைச் செருப்புக் காலால் மிதித்துத் தேய்த்தாள், ஒன்றையும் விடாமல். திரும்பினால் மூன்று பிள்ளைகளும் கரண்டியோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

வ்லாஸ்தா அழவில்லை. கத்தவில்லை.

"மத்தியானம் ஊத்தினதுக்கு ஆலையில கூலி குடுத்தாங்க" என்றாள். "இதுக்கு யாரு குடுப்பாங்க அண்ணி?"

அனெஷ்கா ரொட்டியை மேசையில் வைத்தாள். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்க்காமல் அதைப் பிய்த்தன. வீட்டுக்கு வருகிற வழியில் தெரு முழுக்க அந்த நெடிதான், ஒவ்வொரு சமையலறைச் சன்னலிலிருந்தும். உலகத்திலேயே பணக்கார நாடாம். அந்த நாட்டில் சனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மண்ணெண்ணெய்க் கறி தின்றார்கள். அதில் உப்புச் சரியாக இருக்கிறதா என்றுகூட யாராவது ருசி பார்த்திருப்பார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் ஆலை வாசலுக்குப் போனாள். வழக்கம்போலக் கூட்டம் முண்டிக்கொண்டு நின்றது. குபிச்சேக் படியின்மேல் நின்று டின்னை நீட்டினார். அவள் வாங்கிக் கீழே வைத்தாள்.

"முடியாது மேஸ்திரி."

"என்ன முடியாது?"

"ஊத்த முடியாது. உங்க பல்லு இடுக்குல நேத்து ஒரு பார்லி இருந்தது. அதைப் பாத்ததுக்கப்புறம் என்னால முடியல. அதையும் சொல்லாம நான் வாயை மூடிட்டு நின்னேன் பாருங்க, அதைத்தான் என்னால இன்னும் பொறுக்க முடியல. உங்களைப் பாத்தாலும் அருவருப்பா இருக்கு, என்னைப் பாத்தாலும் அருவருப்பா இருக்கு."

கூட்டம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். யாராவது கை தட்டுவார்கள், யாராவது தானும் கூடச் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று அவள் நெஞ்சின் ஒரு மூலை நினைத்தது. கூட்டம் நெருக்கியடித்து ஓரடி முன்னால் வந்தது. ஓர் இடம் காலியாகிவிட்டது என்பது மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்திருந்தது.

குபிச்சேக்குக்கு முகம் சிவக்கக்கூட இல்லை. தலைகளின்மேல் பார்வையை ஓட்டினார். "பொம்பளை ஆள் ஒண்ணு வேணும். ஊத்துற வேலை."

நாற்பது ஐம்பது கைகள் உயர்ந்தன. முன்வரிசையில் உயர்ந்த கை ஒன்றைப் பார்த்து அவர் தலையை அசைத்தார். வ்லாஸ்தா கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கவுனைப் போட்டிருந்தாள். முடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள், ஒரு மயிர் வெளியே தெரியாமல். நாற்றம் ஏறும் என்று தெரிந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், எத்தனை நாளாக இப்படி வருகிறாளோ.

அனெஷ்கா அவள் கையைப் பிடித்தாள். "வ்லாஸ்தா, வேண்டாம்டி."

"விடு அண்ணி. மூணு பேர் இருக்காங்க." குரலில் கோபம்கூட இல்லை. "சாயங்காலம் நான் உனக்கு ரொட்டி கொண்டுவந்து தரேன்."

கையை உருவிக்கொண்டு குனிந்து டின்னைத் தூக்கினாள். கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, சமாளித்து நின்று, மேஸ்திரியிடம் கேட்டாள்:

"மூடி எந்தப் பக்கம் திருகணும்?"